இரண்டாவது தேதி

அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கியது. ஐஸ்பெட்டி உயரம், பச்சை எழுத்துத் திரை. அதற்கென்று தனியாக ஆளெடுக்க மனமில்லாமல் என்னையே அதன்முன் உட்கார வைத்துவிட்டார்கள்.

பதிவேடுகளைக் கட்டி மேய்ப்பதற்கென்றே பிறந்த இயந்திரம் அது. ஒரு கட்டத்துக்குள் ஒரு விவரம்தான் என்ற பிடிவாதம் அதற்குக் கிடையாது. ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பெயரும் ஒரே கட்டத்துக்குள் உட்காரும். கேள்வியையும் பேசுவதுபோலத் தட்டலாம். இன்ன தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களைக் காட்டு என்றால் காட்டும்.

தொழிலாளர் அட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அதில் ஒன்று எங்கள் தெரு அக்காவுடையது. தினமும் ஜார்ஜ் டவுனிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் கடல் தாண்டப் பெரிப் படகு ஏறுவோம். பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். இடையில் அம்மாவுக்கு முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டு, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அட்டையில் அது இல்லை. முதலில் சேர்ந்த தேதி மட்டும்தான் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம்தான் கேட்டது.

"அக்கா, ரெண்டாந்தடவ எப்பக்கா சேந்தீங்க?"

"போன வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள் லா. தண்ணீர்மல ஏறி எறங்குன கால்வலியோட வந்து நின்னேனே. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்க்கா. கம்ப்யூட்டர்ல போட."

அவருக்கு ஒரே சிரிப்பு. தன் கதை கம்ப்யூட்டரில் ஏறுவதில் பெருமைகூட. சேர்ந்த தேதிக் கட்டத்திலேயே முதல் தேதிக்குப் பக்கத்தில் அதையும் ஏற்றிவிட்டேன்.

சில மாதங்களில் ஆர்டர்கள் குறைந்தன. கடைசியாக வந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்று முடிவானது. மேனேஜர் ஒரு தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டியலைக் கேட்டார். தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று துப்பிய தாளில் ஆறாவது வரியில் அக்காவின் பெயர். கட்டத்தில் இருந்த இரண்டு தேதிகளில் ஒன்று பொருந்தினாலும் அந்த இயந்திரத்துக்குப் போதும். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டே மேசையைக் காட்டினார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் என் வேலைக்கும் உலை வைத்துக்கொள்வேனோ என்று பயம். அன்று அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன், உள்ளதைத்தானே ஏற்றினேன் என்று.

மறுநாள் காலை பெரியில் எல்லோருக்கும் ஆள்குறைப்புப் பேச்சுதான். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீதானே அந்த மெஷின்கிட்டயே இருக்க. எம்பேரு இருக்கா? சொல்லு லா. வீட்டுல என் சம்பளம் ஒன்னுதான்."

"தெரியாதுக்கா. மேனேஜர்தான் பாக்குறாரு."

"பதினோரு வருஷமாச்சு, என்னைய எடுக்கமாட்டாங்க" என்று தனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு, பொட்டலத்து நாசி லெமாவில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், பாதியை என் பக்கம் தள்ளினார். மறுக்க முடியாமல் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். யாரோடும் அவர் சண்டை போடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "கம்ப்யூட்டர் எடுத்துருச்சாம்" என்றார். என்னிடமும் அதையேதான் சொன்னார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அறையில் யாருமில்லாதபோது, அக்காவின் பதிவைத் திறந்து இரண்டாவது தேதியை அழித்தேன். அதே கேள்வியை மறுபடி தட்டினேன். பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. எல்லாமாகச் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. பிறகு வெளியே மேனேஜரின் செருமல் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள் தேதியை இருந்த இடத்திலேயே திரும்பத் தட்டி வைத்தேன்.