மூன்றாவது கையெழுத்து

அந்தப் பட்டறையில் அண்ணனுக்குப் பெயர் மேல் செட், தம்பிக்குப் பெயர் கீழ் செட். இரண்டையும் வைத்தவர் மெருகுக்காரர். பொய்ப்பல் செய்கிற இடத்தில் வேறு எந்தப் பெயர் வரும்? மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கீழ் செட்டுக்குப் பிடிப்புக் கிடையாது. நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். செட்டை மாட்டிக்கொண்டவர்கள் குறை சொல்லித் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் அதைத்தான். தம்பிக்குத் தன் பெயர் தெரியும். வைத்தவர் யார் என்பதும் தெரியும்.

தம்பி என்றாலும் வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் அண்ணன் பட்டறையில் போனது. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, மெழுகில் ஈறு கட்டுவது, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பது அவர் வேலை. முடித்ததை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "பரவாயில்ல" என்பார். பிறகு அது மெருகுக்காரரிடம் போகும். அவர் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்ததும், அதே ஜன்னலில் அதே பல்லைப் பார்த்து அண்ணன், "என்னமா இருக்கு பாரு" என்பார். மெருகுக்காரர் வந்து எட்டு வருடம். எட்டு வருடமாக இப்படித்தான்.

தகுதி இல்லாதவர் பெயர் வாங்கினால் நமக்கு வருவது கோபம். அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். மெருகுக்காரரின் வேலை நன்றாகவே இருந்தது. தம்பியின் தொல்லை அங்கேதான்.

அண்ணனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தொலைவில் ஒரு தங்கை உண்டு. நெஞ்சுவலி என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், ஒரு காலையில் தன் மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரரை வரச் சொன்னார். மெருகுக்காரரையும் கூப்பிட்டார். எழுதியது தெரியாதபடி காகிதத்தை மடித்துக் கடைசி நான்கு விரற்கடையை மட்டும் வெளியே விட்டார்.

"நான் கையெழுத்து போடுறதைப் பாத்துக்குங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் கீழ போடுங்க."

"என்னதுங்க இது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உயில்."

"உங்க மாத்திரையெல்லாம் நான்தான் குடுக்கிறேன். என் மேல அவ்வளவுதானா நம்பிக்கை?"

மூவரும் சிரித்தார்கள். தம்பி பிளாஸ்டர் கலந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கலந்தது கிண்ணத்தில் இறுகுவதைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தார்.

"நானும் போடுறேன்."

"ரெண்டு பேர் போதுமாம்டா."

"மூணு பேர் போட்டா கெட்டா போயிடும்?"

அண்ணனுக்கும் அது தெரியாது. காகிதத்தை நகர்த்தினார். தம்பி கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்தது.

எதற்கும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடலாம் என்று அண்ணன் சொன்னதால், ஆள் தேடும் பொறுப்பு தம்பிக்கு வந்தது. முதல் வக்கீல் விபத்து வழக்குகள் பார்ப்பவர். "எழுதியாச்சுல்ல? பீரோவுல வைங்க" என்றார். இரண்டாமவர் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, பெயரை மட்டும் நிரப்பினால் போதும் என்றார். எல்லா வாய்க்கும் ஒரே அளவில் பல் விற்பவரைப் பார்ப்பதுபோல் தம்பி அவரைப் பார்த்துவிட்டு எழுந்தார். மூன்றாவது ஓர் அம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. உயில், வாரிசு வழக்கு தவிர எதையும் எடுப்பதில்லை. யார் யார் வாரிசு, சொத்து யார் பேரில், எழுதும்போது அறையில் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். அளவு எடுக்கிறார் என்று தம்பிக்குப் பட்டது. மறுநாள் அண்ணனை அழைத்துப் போனார்.

வக்கீலம்மா முதலில் தம்பியை வெளியே இருக்கச் சொன்னார். அரைமணி கழித்துக் கூப்பிட்டார்.

"இந்த மூணாவது கையெழுத்து யாரோடது?"

"என்னுதுதான்."

"பக்கத்துல வெள்ளையா என்ன?"

"பிளாஸ்டர்மா."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார்.

"பட்டறையை உங்களுக்குத்தான் எழுதி வெச்சிருக்கார். அந்த உயிலுக்கு நீங்களே சாட்சி போட்டிருக்கீங்க. சாட்சின்னா அதுல எதுவும் கிடைக்காத ஆளா இருக்கணும். இல்லேன்னா, வாங்கிக்கிறவரே பக்கத்துல நின்னு எழுத வெச்சார்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க. உங்களுக்கு எழுதின பாகம் மட்டும் செல்லாமப் போகலாம்."

"செல்லலேன்னா?"

"நீங்களும் உங்க தங்கையும் பங்கு. பட்டறையைப் பாதியா அறுக்க முடியாது. வித்துதான் பிரிக்கணும்."

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். "நான்தான் ரெண்டு பேர் போதும்னேனே. ஏன்டா போட்ட?"

தம்பி மேசை விளிம்பைத் தடவினார். "நீங்க அவனைக் கூப்பிட்டீங்க."

வக்கீலம்மா குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார்.

"அவன் கையெழுத்து அழகா இருக்கும்," என்றார் அண்ணன். "அதான் கூப்பிட்டேன்."

இருபத்திரண்டு வருட உழைப்புக்குப் பட்டறையே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்ட அதே நிமிடத்தில், தம்பியின் மனதில் போய்த் தைத்தது இந்த வார்த்தைதான். அழகா இருக்கும்.

"அப்ப புதுசா எழுதிடலாமா?" என்றார் வக்கீலம்மா.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அண்ணன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று தம்பி கேட்கவில்லை. பத்து நாள் அவர் கண் வேலையில் இல்லை. அண்ணன் மெருகுக்காரரிடம் ஏதாவது பேசினால் சக்கரத்தின் இரைச்சலில் என்ன பேச்சு என்று காது கொடுத்தார். ஒருவர் சிரித்தால் மற்றவர் எதற்குச் சிரிக்கவில்லை என்றுகூட யோசித்தார். ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை உயர்த்திப் பதித்துவிட்டார். அது மருத்துவரிடமிருந்து திரும்பி வந்தது.

"சின்னவரே, இதை மாட்டுனா வாயை மூடவே முடியாது," என்றார் மெருகுக்காரர். "வாயே திறக்காத சில பேருக்கு அப்படி ஒண்ணு மாட்டிவிட்டாலும் தேவலதான்."

"மூட வேண்டியவன் வாய் எப்பவும் திறந்துதானே இருக்கு," என்றார் தம்பி.

பதினோராம் நாள் அண்ணன் தம்பியையும் மெருகுக்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் வக்கீல் அறைக்கு அழைத்துப் போனார். வாசலில் வக்கீலம்மா தம்பியை மட்டும் நிறுத்தினார்.

"உங்க பேரு உள்ள இருக்கு. அதனால நீங்க வெளிய இருங்க."

பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்தார். நிம்மதி வந்தது. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் நான்கு தாள் தள்ளுகிற நேரம்தான் அது இருந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, மருந்துக்கடைக்காரர் ஏதோ சொன்னார், அண்ணன் சிரித்தார்.

மெருகுக்காரர்தான் முதலில் வெளியே வந்தார். வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை.

"கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்தம்மா விளக்குனாங்க. சாட்சி போடுறவனுக்கு அதுல ஒண்ணும் இருக்காதாமே."

"ஆமா."

"அன்னிக்குப் பட்டறையில என்னைக் கூப்பிட்டப்ப நான் வேற மாதிரி நெனச்சேன். வீட்டுல போய்ச் சொல்லவும் சொல்லிட்டேன்." விரல் நகத்தில் ஒட்டியிருந்த மெருகுப் பொடியைச் சுரண்டினார். "உங்களைக் கூப்பிடாம என்னைக் கூப்பிட்டாரேன்னு."

அந்த வாக்கியத்தைப் பத்து நாளாகத் தம்பியும் சொல்லிக்கொண்டிருந்தார், ஆளை மட்டும் மாற்றி. ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வாயில் வந்தது வேறு.

"உள்ள அண்ணன் என்ன பேசினார்?"

"என்ன பேசுவார்? அவர் பேனாவுல மை நின்னுபோச்சு. என்னுதைக் குடுத்தேன். கையெழுத்து போட்டுட்டு, நல்ல பேனான்னார். அவ்வளவுதான்."

தம்பியின் சட்டைப் பையிலும் ஒரு பேனா இருந்தது. மெருகுக்காரர் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தார். மூடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். நன்றாகவே எழுதியது.