படிக்காமல் எரித்த சீட்டுகள்

எங்கள் பள்ளிக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஒரு மாதா கெபி இருக்கிறது, சிலை வைத்த சின்னக் கற்குகை. மாதா காலடியில் ஒரு தகரப் பெட்டி. பிள்ளைகள் தங்கள் மன்றாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான். பள்ளி அடையாள அட்டை தொங்கும் அதே கயிற்றில் கோத்து, பல வருடங்களாக அதை நான்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சீட்டுகளை யாரும் படிக்கக் கூடாது என்பது வழக்கம். மாதா திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை, பள்ளி விட்டதும் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரு பழைய பால்மாவு டின்னில் கொட்டி, பிள்ளைகள் சுற்றி நின்று பாட, நான் தீ வைப்பேன். "புகை மேல போகும். மாதா படிச்சுக்குவாங்க" என்று சொல்லியும் கொடுத்திருந்தேன். ஒரு வருடம் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துவிட்டார். கேன்டீன் அம்மா முன்னாலேயே அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "பிள்ளைங்க சாமிக்கு எழுதினது, உங்களுக்கு இல்ல" என்றேன். அந்த டீச்சர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் பெருமைதான். சட்டம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தப் பெட்டியில் சாமிக்கு இல்லாமல் எனக்கென்றே எழுதிய சீட்டுகளும் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் எரித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மிஷன் பள்ளி என்று பெயர்தான். நிலம் கோயிலுடையது, பாடமும் சம்பளமும் அரசாங்கத்துடையது. மாணவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள், மீதி சீனர்களும் தமிழர்களும். கெபிப் பக்கம் வருவது பெரும்பாலும் வேனுக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். அதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் கொஞ்சம், இந்து வீட்டுப் பிள்ளைகள் அதிகம். சாமி எல்லாம் சாமிதான் என்று சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிடுவார்கள், சீட்டும் எழுதுவார்கள். யாரும் தடுத்ததில்லை. நான் அங்கே நன்னெறிக் கல்வி ஆசிரியை. அன்பு, பொறுப்பு, துணிவு என்று பண்புகளின் பட்டியலை மலாய் மொழியில் மனப்பாடம் செய்ய வைப்பது என் வேலை. பரீட்சையில் பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள்.

அந்த வருடம் எனக்கு ஒரு செல்லப்பிள்ளை இருந்தாள். ஆறாம் ஆண்டு மாணவி, கோயில் பாடகர் குழுவில் நல்ல குரல், சனிக்கிழமை நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசை. என் பையைத் தூக்குவாள், வெண்பலகையைத் துடைப்பாள், நான் நடந்தால் கூடவே நடப்பாள். பள்ளி விடும் நேரத்தில் தினமும் என் மேசைக்கு வருவாள்.

"டீச்சர், வேன் சீட் அழுக்கா இருக்கு. ஒரு பேப்பர் எடுத்துக்கட்டுமா?"

ஓவியப் பாடத்துக்காக என் அலமாரியில் பழைய நாளிதழ்கள் கட்டுக் கட்டாக இருக்கும். எடுத்துக்கொள் என்பேன். எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று மற்ற டீச்சர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதே வேனில்தான் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தியும் போய்வந்தாள். ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வீடு. வேன் எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக அவளை இறக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை. அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அந்தச் சிறுமி எதற்கும் வாய் திறக்கமாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நாங்கள் நல்ல பிள்ளை என்போம். அதிகம் கவனிக்கவும் மாட்டோம்.

நான் கவனித்த ஒரே விஷயம் அவளுடைய தண்ணீர் பாட்டில். நீல நிறம், மூடியில் பூனைப் படம். பள்ளி விடும்போதும் கழுத்து வரை நிரம்பியே இருக்கும். ஒருநாள் அதைத் தூக்கிக் காட்டி, "என்ன பாப்பா, கும்பாபிஷேகத்துக்கா கொண்டு போற?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததால் எனக்கு விஷயம் அதோடு முடிந்தது.

திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல் டின்னில் சீட்டுகளைக் கொட்டினேன். என் செல்லப்பிள்ளை பாட்டை எடுத்துக் கொடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். நான் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். அந்தச் சிறுமி எனக்கு நேர் எதிரே, பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பாடவில்லை. டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயத் தெறந்து பாடு பாப்பா, வாய்க்கு வாடகையா கேக்குறாங்க?" என்றேன். அவள் உதட்டை அசைத்தாள். பாட்டு முடிந்ததும் என் செல்லப்பிள்ளை பேப்பர் கேட்டாள். பிள்ளைகள் எதிரிலேயே என் கைப்பையில் மடித்து வைத்திருந்த அன்றைய நாளிதழை எடுத்துக் கொடுத்தேன். ஓடிப்போய் வேனில் ஏறினாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, திடல்தடப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சியின்போது அந்தச் சிறுமி திடலில் சுருண்டு விழுந்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. வெயில் தாங்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். நான்தான் கூடப் போனேன். அரசாங்க மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, ரொம்ப நாளாகத் தண்ணீரே குடிக்காமல் அடக்கி வைத்திருக்கிறாள் என்றார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை எதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கவேண்டும் என்று அப்பா தாதியைக் கேட்டார். தாதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். அம்மா இன்னும் எல்லையைத் தாண்டி வந்துசேரவில்லை. அப்பா, "கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர், தே வாங்கிட்டு வந்துர்றேன்" என்று கீழே போனார். கட்டிலில் அவள் பாதி அளவாகத் தெரிந்தாள். கையில் ஊசி குத்தி டியூப் போட்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் பாப்பா தண்ணி குடிக்கல?"

"வேன்ல போறப்ப வந்துரும் டீச்சர்."

"என்ன வந்துரும்?"

சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை, அந்த ஒரு நல்ல காரியத்தையாவது செய்தேன். வருடத்தின் தொடக்கத்தில் ஒருநாள் வழியில் மரம் விழுந்து வேன் நெடுநேரம் நின்றுவிட்டதாம். அடக்க முடியாமல் சீட்டிலேயே போய்விட்டாளாம். மறுநாளிலிருந்து அவள் ஏறுவதற்கு முன்பே அவள் இடத்தில் பேப்பரை விரித்து வைத்துவிடுவார்களாம். பிள்ளைகள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். வேன் அங்கிளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவர் பாட்டுக்கு ரேடியோ வைத்து ஓட்டுவார்.

"யாரு பேப்பர் விரிக்கிறது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் அவளுக்கு மட்டுமா தெரியும்? அந்த நொடியே எனக்கும் தெரிந்துவிட்டது. என் அலமாரியிலிருந்து போன பேப்பர்.

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

"அந்த அக்கா எப்பவும் ஒங்க கூடயே இருக்காங்க டீச்சர்." பிறகு மெதுவாக, "அதான் எழுதினேன்" என்றாள்.

"எங்க எழுதின?"

"மாதா பெட்டில. சாவி ஒங்ககிட்டதான இருக்கு. ஆறு தடவ போட்டேன். மேல டீச்சருக்குன்னு எழுதித்தான் போட்டேன்."

"என்னன்னு எழுதின?"

"பேப்பர் குடுக்காதீங்க டீச்சர்னு."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த அக்காவை அடிக்கச் சொல்லவில்லை, வேன் மாற்றச் சொல்லவில்லை. தினமும் நான் தூக்கிக் கொடுக்கும் அந்த ஒரு தாளைக் கொடுக்காமல் இருக்கச் சொன்னாள். ஆறு முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, அடுத்த நாள் நான் கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். கடைசியில் அத்தனையையும் அவள் கண் முன்னாலேயே எரித்து, பாடச் சொல்லிக் கடிந்து, மறுபடியும் பேப்பரை எடுத்து நீட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் நாளுக்கு இரண்டு மடக்காவது குடித்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து அதையும் நிறுத்திவிட்டாள்.

"நான் படிக்கல பாப்பா," என்றேன். "யாரோடதையும் படிக்கமாட்டேன். படிக்கக் கூடாதுன்னு சட்டம்."

அவள் யோசித்தாள். என்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மாதா மட்டும்தான் படிச்சாங்களா டீச்சர்?"

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். மறைக்கல்வி வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிற ஆள் நான். அப்பா தேநீர்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஆறாம் ஆண்டு மாணவியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அழுதாள். அழும்போதும் நல்ல குரல்தான். அவள் அம்மா பள்ளிக்கு வந்து, "அலமாக் டீச்சர், சின்னப் பிள்ளைங்க லா, வெளையாட்டுக்குப் பண்ணியிருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அம்மாவை வாசல் வரைக்கும் கத்தி அனுப்பியிருப்பேன். ஆனால் கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? தலைமையாசிரியையிடம் வேன் விஷயத்தை எழுத்தில் கொடுத்தேன். பேப்பர் விரித்தார்கள் என்று எழுதினேன். பேப்பர் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. சீட்டுகளைப் பற்றியும் எழுதவில்லை.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "நீங்க வழக்கத்தத்தான செஞ்சீங்க, பாவம்னு சொல்ல முடியாது" என்று சமாதானப்படுத்தி, மூன்று தடவை 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனது ஆறவில்லை. பிறகு அவர் சம்மதத்தோடு வியாழன்தோறும் பெட்டியைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கிறேன் என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். முதல் வாரம் நாலு சீட்டு இருந்தது. இப்போது பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. இருந்தால் பரீட்சையில் 'ஏ' வேண்டும் என்று இருக்கும்.

வருடக் கடைசியில் அந்தச் சிறுமிக்குப் பள்ளி மாற்றம் கேட்டு அவள் அம்மா வந்தார். ஜொகூர் பாருவில் அறை எடுத்துவிட்டார்களாம், இனிமேல் பிள்ளை அம்மாவோடு இருக்குமாம். அவளுடைய வகுப்பு ஆசிரியை அன்று விடுப்பு. மாற்றல் விண்ணப்பப் பாரத்தை நிரப்ப என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த ஒரு பெரிய பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க இல்லன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது டீச்சர். எல்லாத்தயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எழுதிக் குடுத்தீங்களாமே. இவ அப்பா சொன்னாரு. யாரு டீச்சர் இந்தக் காலத்துல இவ்வளவு பாப்பாங்க?"

நான் என்னவோ முனகினேன். சிறுமி அம்மாவின் இடுப்பை ஒட்டி நின்றிருந்தாள். நீலப் பாட்டில் தோளில் தொங்கியது. பாதிக்கு மேல் காலியாக இருந்ததைப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

அம்மா அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கண்டிப்பாக வந்தது.

"இவ்வளவு நல்ல டீச்சர் இருக்காங்க. ஒரு வார்த்த சொன்னியா? நீ சொல்லாம இருந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்? புது ஸ்கூல்ல இப்படி ஊமையா இருக்கக் கூடாது, என்ன?"

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். குறை சொல்லும் பார்வை இல்லை அது. நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான்: அவ சொன்னா, நான்தான் படிக்கல. வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி இருந்தார், இன்னொரு டீச்சர் இருந்தார், அந்த அம்மா இன்னும் என் கையை விடவில்லை.

நான் பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்துவிட்டு, பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கிராணியைக் கேட்டேன்.

"சரிம்மா," என்றாள் அவள். "இனிமே சொல்றேன்."