வியாழக்கிழமைச் சிரிப்பு

எங்கள் குரூப்புக்கு ‘ஊர் வம்பு’ என்று பெயர் வைத்தவள் நான்தான். மயிலாப்பூரில் ஒரே கல்லூரியில் படித்த ஐந்து பெண்கள் நாங்கள். ஒருத்தி இன்னும் மயிலாப்பூரிலேயே இருக்கிறாள், ஒருத்தி தி.நகர், ஒருத்தி அசோக் நகர், ஒருத்தி அடையாறு. நான் மேற்கு மாம்பலம். அவர்கள் நாலு பேருக்கும் புருஷன், பிள்ளை, மருமகள் என்று வீடு நிறைய ஆட்கள். எனக்கு இரண்டு அறை, ஒரு பால்கனி. காலையில் கண் விழித்தால் பேசுவதற்கு எனக்கு இருந்தது அந்த குரூப் ஒன்றுதான்.

குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் போட வேண்டும். எவனோ எழுதியதை வாங்கி அப்படியே தள்ளிவிடக் கூடாது. சட்டம் போட்டவளும் நான்தான். ஆரம்பத்தில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு படம் அனுப்பினார்கள். ஜவுளிக்கடை பொம்மையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்டோவில் போன ஆள், சப்வே தண்ணீரில் ஷூவைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்த ஆபீசர், மெட்ரோ தோண்டிய பள்ளத்துக்கு மாலை போட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்த கைங்கரியம். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஓய்வு பெறும்வரை நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். எரிந்துபோன கடையின் சாம்பலைப் பார்த்தே உள்ளே சரக்கு இருந்ததா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளை வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள் என்றால் முடியுமா?

அடையாற்றுக்காரி ஒருநாள் சட்டத்தை மீறினாள். ஏதோ ஒரு கஷாயம் புற்றுநோயைக் கரைத்துவிடும் என்று யாரோ அனுப்பியதை அப்படியே போட்டாள். அவள் கணவருக்கு அப்போது கீமோ நடந்துகொண்டிருந்தது. எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்: ‘இதைக் குடித்துப் பிழைத்த ஒருத்தரையாவது காட்டு. இல்லையென்றால் எடு.’ அவள் எடுத்துவிட்டாள். நோயாளி இருக்கும் வீட்டுக்குள்தான் பொய் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழையும். நான் அதை வாசலிலேயே நிறுத்தினேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் படம் போடுவது குறைந்தது. கொஞ்ச நாளில் நின்றே போனது. வயசாகிவிட்டது, வெளியே போவதில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் மட்டும் விடவில்லை. தினமும் ஒரு படம். தினமும் அதன் கீழே ஒரு சிரிப்பு முகம் வரும். சில நாள் கூடவே ‘சூப்பர்டி’. அது வந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வரவில்லையென்றால் போன் செய்து ‘பாத்தியா?’ என்று கேட்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் போட்ட படத்துக்கு மத்தியானம் ஆகியும் சிரிப்பு வரவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூர்காரி எழுதியது வந்து விழுந்தது.

‘இன்னிக்கு யாருடி முறை, தூங்கறாளா? நேத்திக்கே நான் சிரிச்சாச்சு. காலம்பறலேர்ந்து அவ படம் அப்படியே கெடக்கு. யாராவது சிரிச்சு வையுங்கோடி, இல்லேன்னா ஆத்துக்குப் போன் பண்ணி உயிர எடுப்பா.’

வேறெங்கோ போட வேண்டியதை இங்கே போட்டுவிட்டாள். நான் இரண்டாம் முறை படிப்பதற்குள் செய்தி நீக்கப்பட்டது. அடுத்த நிமிஷம் தி.நகர்காரியிடமிருந்து ஒரு சிரிப்பு முகம் வந்தது.

அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய பதிவுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திங்களும் வெள்ளியும் மயிலாப்பூர். செவ்வாயும் சனியும் தி.நகர். புதனும் ஞாயிறும் அசோக் நகர். அடையாற்றுக்காரிக்கு மட்டும் வாரத்தில் ஒரே நாள், வியாழக்கிழமை. வீட்டில் நோயாளி என்று சலுகை கொடுத்திருந்தார்கள். ஆக, நான் இல்லாமல் இன்னொரு குரூப் இருக்கிறது. என்னைக் கழற்றிவிடத் தைரியம் இல்லாமல், குழாயடிக்கு முறை போடுவது மாதிரி என் படங்களுக்குச் சிரிக்க முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சிரிக்கட்டும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து அவர்களை வெறும் சிரிப்போடு தப்பிக்க விடவில்லை. திங்கட்கிழமை மயிலாப்பூர்காரியிடம் கோயில் குளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை இருக்கிறது என்று கேட்டேன். முட்டி வலியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தி.நகர்காரிக்கு நீளமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். கேள்வியைக் கடைசியில் வைத்தேன், முழுசும் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அசோக் நகர்காரி சிரித்ததும், ‘இதுல என்னடி சிரிப்பு?’ என்று கேட்டு, அவள் காரணம் தேடித் தவிப்பதைப் பார்த்தேன். வேலையில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு குஷி இருந்ததில்லை.

வியாழக்கிழமை அடையாற்றுக்காரியிடம் ஒரே கேள்விதான். ‘உன் வீட்டுக்காரருக்கு இப்போ எப்படி இருக்கு?’

‘அப்படியேதான்டி.’

அடுத்த வியாழனும் கேட்டேன். அப்படியேதான்டி. அதற்கடுத்த வியாழனும் அதே சொல் வந்தபோது எனக்கு மூக்கில் வேர்த்தது. நோய் அப்படியே இருக்காது. கூடும், இல்லை குறையும். கேட்கும்போதெல்லாம் ஒரே வார்த்தை வந்தால் அது மனப்பாடம் செய்த வார்த்தை. இவளிடம் ஏதோ பொய் இருக்கிறது, நேரில் போய்ப் பிடித்துவிடலாம் என்று மறுநாளே பஸ் ஏறினேன்.

அவள் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மாவுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“ஐயா எப்படி இருக்கார்?” என்றேன்.

“சாரு பூட்டாரும்மா. உனுக்குத் தெரியாதா? ஆயுத பூஜைக்கு மறுநா. அன்னிக்கு நானு கடையே போடல. இந்தா, இந்த வாசல்ல இருந்துதான் தூக்கினு போனாங்கோ, மதியானம். அந்தம்மா ஒண்டியா கீது, பாவம்.”

மரத்தடியில் நின்று போனை எடுத்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள், ஒரு வியாழக்கிழமை. அன்று காலை நான் போட்ட படம் இருந்தது. போலீஸ் ஜீப்பின் முன்னால் கட்டிய வாழைக்கன்றை, கிழிந்த பனியன் மாட்டிய ஒரு ஆடு நின்று தின்கிறது; பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்துவிட்டு எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அதன் கீழே அரை மணி நேரத்துக்குள் அடையாற்றுக்காரியின் சிரிப்பு முகம். பக்கத்திலேயே ‘சூப்பர்டி’. அவரை அப்போது இன்னும் எடுத்திருக்கவில்லை.

மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் அவர் படம் மாலையோடு தெரிந்தது. துக்கம் கேட்க வேண்டிய நேரத்தில் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்தான்.

“அன்னிக்குக்கூடவாடி சிரிச்சே?”

“வியாழக்கிழமை. என் முறை.”

“அவரை வீட்ல வச்சுக்கிட்டு?”

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை. “சிரிக்கலேன்னா நீ போன் பண்ணியிருப்ப. பண்ணா சொல்ல வேண்டியிருக்கும். சொன்னா நீ வந்திருப்ப.”

“வந்தா என்ன?”

“வந்து, நான் அந்தக் கஷாயம் கொடுத்தேனா இல்லையான்னு கேட்டிருப்ப.”

கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொய்யைப் பிடித்தவள் நான். என் பொய் எனக்குத் தெரியாதா? கேட்டிருப்பேன். அந்த நிமிஷத்தில்கூட, கொடுத்தாளா இல்லையா என்றுதான் என் மனசு அரித்துக்கொண்டிருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது குரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விலக ஒரு விரல் போதும். விலகிவிட்டால் நாலு பேருக்கும் விடுமுறை, இஷ்டப்பட்டபடி இருக்கலாம். அவளாவது வியாழக்கிழமையில் நிம்மதியாகத் தூங்குவாள். சைதாப்பேட்டை தாண்டும்வரை விரலைத் திரைக்கு மேலேயே வைத்திருந்தேன். பிறகு, நாளைக் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை எங்கள் தெருவில் ஒரு குப்பை வண்டியின் மேல் யாரோ தூக்கிப்போட்ட கல்யாண நாற்காலி, சிவப்பு வெல்வெட்டும் தங்கக் கலர் கைப்பிடியுமாக, அதில் துப்புரவுக்காரர் ஒருவர் மாப்பிள்ளை மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போனார். படம் எடுத்தேன். போட்டேன். அடையாற்றுக்காரியிடம் வழக்கமான அந்தக் கேள்வியை இந்தத் தடவை கேட்கவில்லை. காப்பி ஆறிப்போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு முகம் வந்தது. கீழே ‘சூப்பர்டி’.

நான் காப்பியைச் சுடவைத்துக் குடித்தேன்.