அண்ணன் வண்டியின் பிரேக் விளக்கு

அவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் சந்தேகம். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் "தகுதிச் சோதனைக்கு வண்டியை விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சந்தேகத்துகிட்ட காட்டிடு" என்பது பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற புத்திமதி. பெயரில் தப்பு சொல்வதற்கும் இல்லை. வந்தவன் "பிரேக் நல்லா இருக்கு" என்றால் பிரேக்கில்தான் முதலில் கை வைப்பார். "ஆயில் ஒழுகவே ஒழுகாது" என்றால் மறுபேச்சில்லாமல் அடியில் போய்ப் படுத்துவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். மனைவி தேநீர் கொடுத்தால் டம்ளரின் அடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "என்னை மட்டுந்தான் இன்னும் ஜாக்கி வச்சுத் தூக்கிப் பாக்கல" என்று அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் சிரித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. கெட்ட செய்தி சொல்வதே தொழிலாகிவிட்டால் முகமும் அதற்குத் தோதாக மாறிவிடும் போலிருக்கிறது. தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரே ஒரு வண்டி நிற்க இடம். பெரிய ரிப்பேர் எதுவும் அங்கே நடக்காது. சோதனை நிலையத்தில் எதையெல்லாம் பார்ப்பார்களோ அதையெல்லாம் இவர் முன்கூட்டியே பார்த்து, எது தேறும், எது தேறாது என்று சொல்லி அனுப்புவார். தேறாது என்று அவர் சொல்லிவிட்டால் வந்தவர்கள் கெஞ்சுவார்கள், கோபப்படுவார்கள், வேறு ஆளிடம் போவார்கள். கடைசியில் அவர் சொன்ன இடத்தில்தான் வண்டி மாட்டிக்கொண்டு திரும்பி வரும். அப்போதும் அவர் "நான்தான் சொன்னேனே" என்று சொல்ல மாட்டார். சொல்லாமல் பார்க்கிற பார்வை அதைவிட மோசமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

இப்படி உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதர் ஒரே ஓர் ஆளை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அது அவருடைய அண்ணன்.

அண்ணன் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு ஆட்டுக்குட்டியின் மேல்கூட உரசாமல் ஓட்டியவர் என்று பேர். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தபோது, குடும்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டவரும் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணியும் அவரும் மட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. முடித்துக்கொண்டு வரும்போது அண்ணியால் நிற்கக்கூட முடியாது. அண்ணன் தன் பழைய காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார்.

"வாடகை வண்டின்னா அவளுக்கு வாந்தி வந்துருது. நான் ஓட்டினா தூங்கிடறா" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். வேலை போய், உடம்பில் சர்க்கரை ஏறி, வீட்டில் நோயாளியோடு இருக்கிறவருக்கு நிமிர்ந்து உட்கார வேறு எதுவும் மிச்சமில்லை.

அந்தக் காரின் பிரேக்தான் ஒரு வருஷமாகத் தம்பியின் மண்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தது. முன் சக்கரங்களின் பிரேக் பேட் அநியாயத்துக்குத் தேய்ந்தது. புதுசு போட்டால் அதுவும் தேய்ந்தது. வண்டி வந்து நின்றால் சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது என்று அவர் முடிவு கட்டி, பேட்டை அழுத்திப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அடுத்த முறை ரப்பர் குழாயை மாற்றினார். அதற்கும் அடுத்த முறை மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அண்ணன் கைக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில், மட்டமான பேட் கொடுத்து ஏமாற்றுகிறாய் என்று உதிரிபாகக் கடைக்காரரோடு வாய்க்கு வந்தபடி சண்டை போட்டார். இருவருக்கும் இடையே இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

தகுதிச் சோதனைக்கு நாள் நெருங்கியது. சோதனையில் தேறினால்தான் வண்டி சாலையில் இறங்கலாம். தேறாவிட்டால் அண்ணியின் ஆஸ்பத்திரிப் பயணம் நின்றுபோகும். அதனால் பட்டறைக்கு வரச் சொல்லாமல், ஆஸ்பத்திரி இல்லாத ஒரு நாளில் ஜாக்கியையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரே அண்ணன் வீட்டுக்குப் போனார். மழை வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த காலை. அண்ணி முன்னறையில் சன்னல் ஓரமாகப் படுத்திருந்தாள்.

"வாங்க தம்பி. இந்தத் தடவையாவது அதுக்கு என்ன நோவுன்னு கண்டுபிடிச்சிருங்க" என்றாள்.

"அதைப் பிரிச்சு மேயாம போக மாட்டேன் அண்ணி."

முதலில் அடிப்பாகம். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். இந்த வயதுக் கார்களுக்கு அடியில் துரு பிடித்திருந்தால் தட்டும்போது சொத்தைச் சத்தம் வரும். இது கணீரென்று பேசியது. "அண்ணே, சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கு. ஒரு பொட்டு துரு இல்ல" என்று அடியிலிருந்தே கத்தினார். மேலே அண்ணன் சந்தோஷமாகச் செருமிக்கொண்டார். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். தடையே இல்லாமல் சுழன்றது. இரண்டு பக்கமும் அப்படியே. பிரேக் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் பிரேக் தட்டு சூடேறி நீலம் பாய்ந்திருந்தது, பேட் காகிதமாகத் தேய்ந்திருந்தது. பிடிக்காத பிரேக் எப்படித் தேயும்? அவருக்கு எரிச்சலாக வந்தது. மனசுக்குள் கடைக்காரரை இன்னொரு முறை திட்டினார்.

கடைசியாக விளக்குகள். இதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, இவர் வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். உள்ளே இருக்கிறவர் அதைச் செய்ய வேண்டும். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். இண்டிகேட்டர் இரண்டும் சரி. முகப்பு விளக்கு சரி. பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பிரேக் போடுங்க அண்ணே."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"விடுங்க."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"விடுங்கன்னேன்!"

"விட்டாச்சுடா. எப்பவோ விட்டாச்சு."

அட, இதுதானா விஷயம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் குதிக்காத குறையாகச் சந்தோஷம் வந்தது. பெடலின் சுவிட்ச் கெட்டுப்போயிருக்கிறது. பெடல் முழுக்கத் திரும்பி வரவில்லையோ என்னவோ. அண்ணனை இறங்கச் சொன்னார். அவர் இறங்கியதும் விளக்கு அணைந்துபோனது. சுவிட்ச் ஆட்டம் கண்டிருக்கிறது, அசைவில் அணைந்துவிட்டது என்று அதற்கும் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பெட்டியிலிருந்து புது சுவிட்சை எடுத்து மாட்டினார். கையால் பெடலை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்டது. அண்ணன் மறுபடி ஏறினார்.

"போடுங்க... ம், விடுங்க."

எரிந்துகொண்டே இருந்தது.

"விட்டாச்சு" என்றார் அண்ணன். பொய் சொல்கிறவரின் குரல் அது இல்லை. நம்பிச் சொல்கிற குரல்.

அவர் பின்னாலிருந்து நடந்து முன்னால் வந்தார். திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். அண்ணனின் வலது கால் பிரேக் பெடலின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. செருப்பின் ஓரம் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, காலைத் தூக்கிவிட்ட மனிதராக உட்கார்ந்திருந்தார்.

 காலிப்பர், குழாய், சிலிண்டர், பேட், கடைக்காரர் என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் செருப்பின் மறு ஓரம் பிரேக்கில் கிடந்திருக்கிறது. சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. இந்தக் காலோடு ஒரு வருஷமாக, நெரிசலான சாலைகளில், பக்கத்து இருக்கையில் அண்ணியைத் தூங்க வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். எங்கே இருக்கிறது என்றே தெரியாத கால், பிரேக் வேண்டும் என்கிற நேரத்தில் எதை மிதிக்கும்?

மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே பார்க்க எதுவும் இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்த வீட்டில் வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சோதனை நிலையத்தில் வண்டியைத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய ஆளே ஏறி ஓட்டி, உருளையில் ஏற்றி, பிரேக்கை அளப்பான். இந்த வண்டி முதல் தடவையிலேயே தேறிவிடும். தேறினால் இன்னும் ஒரு வருஷம் அண்ணன் ஓட்டுவார்.

"என்னடா, கிடைச்சுதா?" என்றார் அண்ணன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, இது தேறாது."

"ஏன்?"

"அடியில துரு. சேஸிஸ் போயிருச்சு. இதுக்கு மேல செலவு பண்றது வீண்."

கார் விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய். பழக்கமில்லாதவன் சொல்கிற பொய் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் முன்னாடி கல்லு மாதிரி இருக்குன்ன. யாரு காதுல பூ சுத்தற?"

அவர் சுத்தியலைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"தம்பி. என்னன்னு சொல்லு."

"காலை எடுங்க அண்ணே."

"எடுத்துட்டேன்னு எத்தனை தடவைதான்..."

"குனிஞ்சு பாருங்க."

அண்ணன் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, ஒரு சாமானைத் தூக்கி வைப்பது போல் அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். பின்னால் விளக்கு அணைந்தது. அதை இரண்டு பேரில் யாரும் பார்க்கவில்லை.

"சோதனையில இதைப் பாப்பாங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"மாட்டாங்க."

"அப்ப வண்டி தேறிடும்."

"தேறிடும் அண்ணே."

தூறல் விழ ஆரம்பித்தது. ஸ்டியரிங்கின் மேல் வைத்த கையை அண்ணன் எடுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தம்பிக்குத் தவிப்பாக இருந்தது. "நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே. மூணு நாளும் நானே வரேன். பட்டறையை அன்னிக்குச் சாத்திக்கறேன்" என்றார்.  பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தனக்காக வேலைக்குப் போன மனிதரிடம், இனி ஓட்டாதே என்று சொல்ல வந்த பிழைப்பை நினைத்து அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அண்ணன் சாவியைக் கழற்றித் தம்பியின் கையில் வைத்தார். அவரைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"அவகிட்ட துருன்னே சொல்லு."

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தூங்கவில்லை. சன்னல் திறந்துதான் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, வண்டி தேறாது. அடியெல்லாம் துரு" என்றார்.

அண்ணி கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்து, சத்தமே வராமல், "அப்பாடா" என்றாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அதோடு வெளியே வந்தது. அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "கண்ணை மூடினாப்ல இருப்பேன் தம்பி. அவர் காலைத்தான் பாத்துக்கிட்டு வருவேன்" என்றாள் காதோடு காதாக.

வாசலில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. அண்ணி தம்பியின் கையை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"நீங்கல்லாம் என்ன மெக்கானிக்கோ போங்க! ஒரு துருவைச் சரி பண்ணத் தெரியல. உங்க அண்ணன் எவ்வளவு நல்லா ஓட்டிக்கிட்டிருந்தார்!"