அகராதிக்குக் கிடைத்த லீவு

என் வீட்டுக்காரரை வேலையிடத்தில் எல்லோரும் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். அகராதி பிடித்தவன் என்றால் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவருக்கும் திமிருக்கும் வெகுதூரம். அடுத்தவன் இவர் காலை மிதித்தாலும் இவர்தான் 'சாரிங்க' என்று சொல்லிவிட்டு நகர்வார். திமிரெல்லாம் எனக்குத்தான், வாயும் எனக்குத்தான். ஐம்பது வயதைத் தாண்டி இங்கிலீஷ் படிக்கக் கிளம்பினாரே, அதற்கு அவர்கள் வைத்த பட்டம் அது.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி, ஓட்டல் விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுப்பது இவர் வேலை. ஒரு முனையை இவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து, இழுத்து, ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒருவர் முந்தினாலும் துணி சுருண்டுகொள்ளும். அந்த இன்னொருவரை எங்கள் வீட்டில் ஜோடிக்காரர் என்போம். வருஷக்கணக்காக ஒரே உருளை, ஒரே ஜோடி. ரெண்டு பேருக்கும் முன்னங்கையில் சூடுபட்ட தழும்பு வரிவரியாக இருக்கும்.

நிர்வாகம் கைமாறியதும் பிடித்தது சனி. புது மேனேஜர் சின்ன வயசு, மரியாதையான ஆள், ஆனால் நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. இங்கிலீஷ் தெரியாதவர்களைக் கழற்றிவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. "இந்த வயசுல வெளிய போனா என்னை எவன் சேர்த்துப்பான்?" என்று இவர் கேட்டார். நான் வீட்டில் தையல் மிஷினை வைத்துக்கொண்டு கால்சட்டை நீளத்தை ஏற்றி இறக்கித் தைக்கிறவள். அதை நம்பி ஒரு வீடு ஓடாது.

ஜோடிக்காரரையும் மாலை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு மண்டையில ஏறாதுப்பா, நீ படி, ரெண்டு பேருக்கும் சேர்த்து நீ பேசு" என்று அந்த மனுஷன் கழன்றுகொண்டார். இவர் மட்டும் வேலை முடிந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போவார். ஒரு பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து படித்துவிட்டு வருவார்.

வந்ததும் எனக்குப் பாடம் ஆரம்பிக்கும். மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். வார்த்தைகள் எல்லாம் குடும்பம் குடும்பமாக இருக்கிறதாம். டிசைட் அப்பா, டிசிஷன் அம்மா, டிசிசிவ் மூத்த பெண், டிசிசிவ்லி அவள் வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிற கடைக்குட்டி. "ஒருத்தரைத் தெரிஞ்சுகிட்டா வீட்டோட எல்லாரும் பழக்கமாயிடுவாங்க" என்பார். அதற்கப்புறம் ஜோடி வார்த்தைகள் வந்தன. மிஸ்டேக்கை மேக்தான் கட்டிக்கொள்ளும், டூ வந்து பெண் கேட்டால் கொடுக்கக் கூடாது. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங், மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள்.

"நாம தப்பு செய்றோம். அவங்க தப்பை உண்டாக்கறாங்க" என்று விளக்கினார்.

"செஞ்சாலும் உண்டாக்கினாலும் திட்டு ஒண்ணுதானே?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் உருளைப் பக்கத்தில் ஜோடிக்காரரிடம் அதைச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்திருக்கிறார்.

கடைசியாக வந்த பாடம்தான் அவரைப் படுத்தி எடுத்தது. இடியமாம். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. வாளியை உதைத்தான் என்றால் செத்துப்போனான் என்று அர்த்தமாம். "அப்படிப் பார்த்தா நான் இந்த வீட்டுல தினம் சாகறேன்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நம்மகிட்ட மட்டும் என்ன வாழுது? கம்பி நீட்டிட்டான்னா கம்பியையா நீட்டறான்?" என்றார். ஆனால் அவருக்கு அந்தப் பாடத்தின் மேல் நம்பிக்கை இல்லை. இலக்கணம் என்றால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு, இதற்கு ஒன்றுமே இல்லை என்று புலம்புவார். இடியத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் எனக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். கூட இருக்க இவரை விட்டால் எனக்கு யாரும் இல்லை. லீவு கேட்டிருந்தார், பதிலே வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸ் கிளார்க் ஒருவர் உள்ளே நின்றிருக்கிறார். இவர் விடுவாரா? இத்தனை மாசம் சின்ன பெஞ்சில் முட்டி தேய்த்தது எதற்கு? "நோ நீட் சார், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று சொல்லி அந்தக் கிளார்க்கை வெளியே அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே தலைகால் புரியவில்லை அவருக்கு.

"லீவு கிடைச்சிருச்சு. நானே பேசினேன், முழுக்க இங்கிலீஷ்ல."

"என்ன சொன்னாரு?"

"வி ஹாவ் டு லெட் யூ கோ அப்படின்னாரு. லெட்னா அனுமதி. லெட் வந்தா பின்னாடி டு வராது, கோ மட்டும்தான். அதைக்கூடச் சரியா சொன்னாரு. அதுலயும் சும்மா லெட் இல்ல, ஹாவ் டு. ஹாவ் டுன்னா கட்டாயம். உங்களைக் கட்டாயம் போகவிட்டே ஆகணும்னு அர்த்தம். நல்ல மனுஷன், கையைப் பிடிச்சுக்கிட்டு ஆல் த பெஸ்ட் சொன்னாரு. கண்ணு கலங்கிப்போச்சு அவருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாங்க் யூ ஸோ மச் சார், ஐ ஆம் வெரி ஹாப்பின்னேன். பேப்பரெல்லாம் தபால்ல வருமாம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகம் தெரியாத அந்த மேனேஜரை வாயார வாழ்த்தினேன். அதை இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவர் என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, வருகிற நர்ஸிடமெல்லாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். "மை கம்பெனி லெட் மீ கோ" என்று ஒரு நர்ஸிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று வாடியது. ஐ ஆம் ஸோ சாரி என்று அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். "தங்கமான பொண்ணு, உனக்கு ஆபரேஷன்னு எவ்வளவு வருத்தப்படறா பார்" என்றார்.

மறுநாள் ஜோடிக்காரர் என்னைப் பார்க்க வந்தார். இவர் வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்த நேரம். வந்தவர் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்கான்? ரொம்ப உடைஞ்சுபோயிட்டானா?"

"அவருக்கென்ன? லீவு கிடைச்ச சந்தோஷத்துல இருக்காரு."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உருளைப் பகுதியில் ஆள் குறைக்கிறார்கள். அன்றைக்குக் கூப்பிட்ட எல்லோரையும் நிறுத்துவதற்காகத்தான் கூப்பிட்டார்களாம். லெட் யூ கோ என்றால் உங்களை வேலையை விட்டு நிறுத்துகிறோம் என்பதை நோகாமல் சொல்வதாம். இவருக்கு அடுத்து உள்ளே போனது ஜோடிக்காரர். கிளார்க் நம் பேச்சில் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் அங்கேயே உடைந்துவிட்டார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? ப்ளீஸ் சார், ப்ளீஸ் சார்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். மூட்டை கட்ற பக்கம் ஒரு இடம் இருக்கு, போன்னுட்டாரு. உனக்கு முன்னாடி வந்தவர்கிட்டயே இந்த இடத்தைப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன், அவர் சிரிச்சுக்கிட்டே நன்றி சொன்னதும் அவருக்கே போறதுல விருப்பம்னு நினைச்சுட்டேன் அப்படின்னு மேனேஜர் சொன்னாராம். கிளார்க்தான் சொன்னான். அவன் இடத்துலதாம்மா நான் நிக்கறேன். நாளைக்கே போய் அவனுக்குக் கொடுங்கன்னு கேட்கவா?"

"ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்கு மாத்துவாங்களா?"

"மாத்த மாட்டாங்கன்னு கிளார்க் சொல்றான். ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்களாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வயிற்றில் தையல் வலித்தது. ஜோடிக்காரர் வீட்டிலும் மூன்று வாய் இருக்கிறது. "உங்களைக் கூப்பிடவே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் இவரைப் பார்க்காமலே போய்விட்டார்.

வெந்நீரோடு வந்தவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "ஏங்க, அது லீவு இல்லையாம். வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம்" என்றேன்.

"யார் சொன்னா? லெட்னா அனுமதிம்மா" என்று பொறுமையாக ஆரம்பித்தார். லெட்டுக்குப் பின்னால் டு ஏன் வராது என்று மறுபடி சொன்னார். ஹாவ் டு என்றால் கட்டாயம் என்று சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. வெந்நீர்ப் பாத்திரத்தை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் வெளியே போய் அந்த நர்ஸைப் பிடித்து ஏதோ கேட்டார். அவள் மெதுவாகத் தலையாட்டுவதை நான் படுத்தபடியே பார்த்தேன். திரும்பி வந்தவர், "லெட்டும் கோவும் சேர்ந்தா வேற அர்த்தமாம்" என்றார். அப்புறம் கஞ்சியை ஆற்றி எனக்கு ஊட்டினார்.

இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார். மழை நாளில் ஆளே வராது, கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பார். வகுப்புக்குப் போவதில்லை. யாராவது நல்லபடியாக நாலு வார்த்தை பேசினால்கூட, வீட்டுக்கு வந்து என்னிடம், "அவர் என்ன அர்த்தத்துல சொல்லியிருப்பாரு?" என்று கேட்கிறார். தமிழில் சொன்னதற்குத்தான்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"நல்லவேளை, ஜோடிக்காரனைக் கூப்பிடல."

"ஏன்?"

"அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாதே. அந்த ரூமுக்குள்ள என்ன சொல்றாங்கன்னே புரியாம முழிச்சுக்கிட்டு நின்னிருப்பான், பாவம்."

"ஆமாங்க, பாவம்" என்றேன். தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.