தண்ணீரைத் திருப்பி விட்ட இடம்

என் கணவர் இறப்பதற்கு முந்தைய வருடம்தான் கோழிப்பண்ணையில் இரண்டு ஆழ்துளைப் போர்களைக் குழாயால் இணைத்தார். ஒரு போரிலிருந்து ஏறும் தண்ணீர் கொட்டகைக்குள் குழாய்ச் சுருள்களில் ஓடும். விசிறிக் காற்று அவற்றின் மேல் பட்டுக் குளிர்ந்து கோழிகளுக்குப் போகும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரை வெளியே கொட்டாமல், பக்கத்தில் வற்றிக்கிடந்த இன்னொரு போரில் இறக்கிவிடுவோம். பூமிக்குள் ஆறி மறுபடி உதவும் என்று அவர் நம்பினார்.

அவர் போன பிறகு பண்ணையில் நான் மட்டும். முட்டை லாரி வந்து போனால் மறுநாள் வரை பேச ஆளில்லை. தண்ணீர் ஏறும் குழாயைத் தினமும் தொட்டுப் பார்ப்பேன். அது அவருடைய வழக்கம். இரண்டாவது சித்திரையில் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வாரமே கோழிகள் வாய் பிளந்து மூச்சிரைத்தன. தினம் நாலைந்து செத்தன.

குழாய் அமைத்துக்கொடுத்த சேலத்து என்ஜினீயருக்குப் போன் செய்தேன்.

“ரெண்டு போரும் ரொம்பப் பக்கம்ங்க. நீங்க உடற சூட்டுத்தண்ணி ஆறறதுக்குள்ள பாறை வெடிப்பு வழியா இந்தப் போருக்கே வந்துருது. தள்ளி வேற போர்ல உடுங்க” என்றார்.

தள்ளி இருந்த ஒரே போர் கொழுந்தனாரின் சோளக்காட்டில். பங்கு பிரித்த நாளிலிருந்து அவர் எங்களோடு பேசுவதில்லை. அண்ணன் சாவுக்குக்கூட வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர்.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் சாயங்காலம் வரப்பைத் தாண்டிப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கோழி எச்சம் ஏதும் கலக்காதுங்களா?”

“இல்லைங்க தம்பி. குழாயை உட்டு வெளியவே வராது. சூடு மட்டுந்தான் ஏறும்.”

இன்னொரு கட்டுத் தட்டை அவிழ்த்துப் போட்டார். “அந்தப் போரு சும்மாதான் கெடக்குது. உட்டுக்கங்க அண்ணி.”

உட்காரச் சொல்லவில்லை. நானும் நிற்கவில்லை. அண்ணி என்று யாராவது கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

குழாய் பதித்து, அந்தப் போரின் வாயில் வடிகட்டி மாட்டி, தண்ணீரை விட்டோம். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கோழிகள் செத்தன. ஆடி பிறந்த பிறகுதான் ஏறும் தண்ணீர் பழையபடி குளிர்ந்தது.

ஒரு நாள் கொழுந்தனார் வரப்பில் நின்று, “போருக்குப் பக்கத்துல இருக்கற எங்க கெணத்துல ரெண்டு படிக்கட்டு தண்ணி ஏறியிருக்குதுங்க” என்றார்.

“நல்லதுங்க” என்றேன். போய்விட்டார்.

அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கூப்பிடவில்லை. வடிகட்டியைக் கழுவ வாரம் ஒருமுறை அவர் காட்டுக்குப் போகிறேன். சில தடவை அவரும் அங்கே இருப்பார்.