கடைசி வண்டி

எங்கள் பைக் கிளப்பில் ஒரு விதி உண்டு. கடைசியில் வருபவர் யாரையும் முந்தக்கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் என் தலையில் விழுந்தது. பொறுமை என்பது எனக்கு மருந்துக்கும் கிடையாது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு லாரி குறுக்கே வந்து என்னை நிறுத்திவிட்டது. அது நகர்ந்ததும், நாங்கள் எல்லோரும் போடுகிற பளபளக்கும் பச்சை ஜாக்கெட்டில் ஒருவர் முன்னால் போவது தெரிந்தது. அவர் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

ஊசுட்டேரிப் பக்கம் வளைந்து வளைந்து போகும் சாலை. வாரமெல்லாம் இதற்காகத்தான் தவித்துக் கிடந்தேன். மனிதர் ஊர்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் இன்னும் மெதுவானார். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

கடைசியில் அவர் ஒரு தெருவில் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்பின் பார்க்காத முகம். ஜாக்கெட்டின் மார்பில் ஏதோ கம்பெனி பெயர். நைட் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார்.

"யாரு சார் நீங்க? மேட்டுப்பாளையத்துலேர்ந்து என் பின்னாடியே வரீங்க."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஏன் சார் இவ்ளோ மெதுவா ஓட்டுறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க முந்திக்கிட்டுப் போவீங்கன்னுதான்" என்றார்.